வக்கீல் தொழிலும் சட்ட எழுத்தும் ஒரே ஆளுக்குச் சரிப்படுமா? சீர்வை எப்படிச் செய்தார்?

புதுக்கவுன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வக்கீலாகப் பதிவு செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தென்மாவட்டத்தில் ஒரு சார்பு நீதிமன்றத்தில் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். காலையில் வாய்தா, மதியம் நகல் மனு, சாயங்காலம் ஆபீசில் வழக்குக் கட்டு அடுக்குவது என்று ஓடுகிறது.

போன மாதம் பட்டா மாறுதல் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுதி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நிறையப் பேர் படித்தார்கள், சந்தேகம் கேட்டார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அது எப்படியோ சீனியர் கண்ணில் பட்டுவிட்டது. வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் நாலு பேர் முன்னால், "முதலில் கட்டைப் படி, கட்டுரை அப்புறம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கல்லூரியில் கேசவானந்த பாரதி வழக்கைப் பாடமாக நடத்தியபோது எச்.எம். சீர்வை என்ற பெயர் வந்தது. வழக்கும் நடத்தினார், அரசியலமைப்புச் சட்டம் பற்றிப் பெரிய நூலும் எழுதினார் என்றார்கள். அவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது? எழுதினால் தொழில் கெடுமா? பார் கவுன்சில் விதி ஏதாவது குறுக்கே வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை வக்கீல்:

தம்பி, உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குச் சீர்வை கதை பதில் சொல்லும்.

ஆளை நான் பார்த்ததில்லை. எனக்குப் பழக்கம் புத்தகத்தோடுதான். ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்தது. அதற்கு முன் ஒரு ரிட் போடுவதென்றால் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், லிஸ்டில் இருந்த என் வழக்கு எடுக்கப்படவே இல்லை. ராத்திரி வண்டிக்கு இன்னும் நேரம் கிடந்தது. சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். செங்கல் மாதிரி ஒன்று கிடந்தது. சீர்வை, மூன்றாம் பதிப்பு, ஒரு பாகம் மட்டும். முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 120 ரூபாய் கேட்டார், 90-க்கு முடித்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசும் அதில் போனது.

ரயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு பிரித்தால் முதலில் கண்ணில் பட்டது, ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்ததுதான். பிரதிவாதி தாக்கல் செய்யும் எதிருரையில் நாம் போடுகிறோமே, அது மாதிரி. அப்புறம், அபிப்பிராயம் சொல்லும் இடத்திலெல்லாம் "சமர்ப்பிக்கப்படுகிறது" என்கிற கோர்ட் பாஷை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கம் சொல்லும் தோரணை கிடையாது. நின்றுகொண்டு வாதாடும் தோரணை. ஒரு தீர்ப்பு தப்பு என்று பட்டால், அது தெளிவாகத் தவறு, பொதுமக்களுக்குக் கேடு, முதல் சந்தர்ப்பத்திலேயே மாற்ற வேண்டும் என்கிற அளவுக்குப் போவார். எந்த நீதிபதி எழுதியது என்று பார்க்க மாட்டார். முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர் பென்சிலால் ஓரத்தில் அவரோடு சண்டை வேறு போட்டிருந்தார். திண்டுக்கல் தாண்டும் வரை நான் தூங்கவில்லை.

ஆளைப் பற்றி. 1906 டிசம்பரில் பிறந்த பம்பாய்ப் பார்சி. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் தத்துவம் படித்தவர். சர் ஜாம்ஷெட்ஜி காங்கா என்ற பெரிய வக்கீலின் சேம்பரில் சேர்ந்தார். அதே சேம்பரில் பின்னால் வந்து சேர்ந்தவர்தான் நானி பல்கிவாலா. 1957 முதல் 1974 வரை சீர்வை அட்வகேட் ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல். முதலில் பம்பாய் மாநிலத்துக்கு, 1960-க்குப் பிறகு மகாராஷ்டிரத்துக்கு. இந்தியாவின் அட்டர்னி ஜெனரல் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். 1972-இல் பத்ம விபூஷண்.

புத்தகத்தின் முதல் பதிப்பு 1967. அதாவது அவருக்கு 60 வயது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டுப் பிரித்த கை அது. அதனால்தான் உங்கள் சீனியர் பாதி சரி என்றேன்.

மீதிப் பாதி இது. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். காசர்கோட்டுப் பக்கம் எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதிக்காகப் பல்கிவாலா. எதிரில் கேரள அரசுக்காகச் சீர்வை. ஒரே சேம்பரில் வளர்ந்த இருவர். நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அந்த அதிகாரத்துக்கு மறைமுகமான வரம்பு எதுவும் கிடையாது என்பது சீர்வை கட்சி. 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்று தீர்ப்பு. நாடாளுமன்றம் எதைத் திருத்தினாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்று முடிந்தது. சீர்வை பக்கம் தோற்றது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அடுத்த வழக்குக்குப் போவோம். அவரால் அது முடியாது, ஏனென்றால் அடுத்த பதிப்பு எழுத வேண்டும். அதற்குள் 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்துவிட்டது. பிரதமரின் தேர்தலைக் கோர்ட் கேள்வியே கேட்கக்கூடாது என்று 39-ஆவது திருத்தம் வந்தது. அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் அதே நவம்பரில் செல்லாது என்றது, அடிப்படைக் கட்டமைப்பை வைத்துத்தான். இதையெல்லாம் பார்த்த பிறகு, தான் 13 நீதிபதிகள் முன்னால் எதிர்த்து வாதாடிய அதே கோட்பாடு சரிதான் என்று தன் நூலிலேயே எழுதினார், காரணங்களோடு. வாதாடியதைக் காற்றில் விட்டுவிடலாம். அச்சில் போட்டதைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

இதற்காகவே அந்த ஆளை எனக்குப் பிடிக்கும். ஜெயித்த வழக்கைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதும் வக்கீல்கள் நம் ஊரிலும் உண்டு, படித்தால் கொட்டாவி வரும்.

மொபசல்காரன்:

சார் சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. அவருக்குக் காங்கா சேம்பர். தம்பிக்கு டீக்கடைப் பெஞ்சு. அவர் எழுதியது இங்கிலீஷில், படித்தது நீதிபதிகள். நம் கோர்ட்டில் சாட்சி சொல்வது தமிழில், கையெழுத்துப் போடுவது தமிழில். பல பேருக்குத் தான் போட்ட அஃபிடவிட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. எனக்குக் கேட்டால் தம்பி பார்க்க வேண்டியது பம்பாயை இல்லை, மாயூரத்தை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எல்லோரும் முதல் தமிழ் நாவல் எழுதியவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராக ஆரம்பித்து, மொழிபெயர்ப்பாளராகி, அப்புறம் முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் (ஐகோர்ட்டுக்கு முன் இருந்த மேல்முறையீட்டுக் கோர்ட்) தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். நாவல் வந்தது 1879-இல். கதைக்கு முன்னால் சட்டம்! வக்கீல் இல்லை, நீதிபதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் சட்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று 160 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. நாலு பக்கம் எழுதியதற்குத் தம்பியைப் பார் ரூமில் சிரிக்கிறோம்.

ஐகோர்ட் அக்கா:

விதியைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இந்தியப் பார் கவுன்சில் விதிகளில் 51-ஆம் விதியை எடுத்துப் பார். சட்டப் பாடநூல்களைச் சம்பளத்துக்கே தொகுத்துக் கொடுக்கலாம், சட்டத் தேர்வுக்குப் பாடம் எடுக்கலாம், வினாத்தாள் தயாரிக்கலாம். ஒலிபரப்பு, பத்திரிகை எழுத்து, சொற்பொழிவு எல்லாம் அதே விதியில் வருகிறது. ஆனால் இரண்டு கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒன்று 36-ஆம் விதி, விளம்பரம் கூடாது. இன்னொன்று 49, முழுநேரச் சம்பள வேலை கூடாது. ஒரு பத்திரிகை ஆபீசில் போய் வேலைக்குச் சேர்ந்தால் கதை வேறு. கட்டுரை எழுதுவது தப்பில்லை. கட்டுரைக்கு அடியில் "மேலும் விவரங்களுக்கு அணுகவும்" என்று போன் நம்பர் போட்டால்தான் வம்பு. நீ போட்டாயா?

தீர்ப்பை விமர்சிக்கலாமா என்று அடுத்து பயம் வரும். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, பிரிவு 5. விசாரித்து இறுதியாக முடிந்த வழக்கின் தீர்ப்பைப் பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொடாதே. உன் கட்சிக்காரர் உன்னிடம் சொன்னதை, பேரை மாற்றிக்கூட எழுதாதே. சாட்சியச் சட்டம் 126 என்று நாங்கள் படித்தது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132. ஊர் சின்னது, பேரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சீர்வை பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1976 ஏப்ரலில் ஆட்கொணர்வு வழக்கில், நெருக்கடி நிலையில் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று நாலு நீதிபதிகள் எழுதினார்கள். எதிர்த்து எழுதியவர் கன்னா ஒருவர்தான். அந்தத் தீர்ப்பைக் கிழித்துச் சீர்வை 1978-இல் தனியாக ஒரு நூலே போட்டார். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முறைப்படி தூக்கியெறிந்தது 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில். சீர்வை 1996-லேயே போய்விட்டார்.

புதுக்கவுன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, போன் நம்பர் போட்டிருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன். வைகை சார், நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேனே? எனக்கு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் கண் செருகுகிறது.

வைகை வக்கீல்:

அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். பதிப்புகளைப் பார்த்தாலே ஒன்று தெரியும். முதல் பதிப்புக்கும் நாலாம் பதிப்பின் கடைசிப் பாகத்துக்கும் நடுவே 29 வருஷம். அந்தக் கடைசிப் பாகம் 1996-இல் வந்தது, அவர் காலமான அதே வருஷம். அவர் பாட்டுக்கு ஒவ்வொரு தீர்ப்பாக, வந்ததும் படித்து, எங்கே ஒட்டுகிறது, எங்கே இடிக்கிறது என்று சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் கவுன் பையில் கிடக்கும். அன்றைக்குக் கோர்ட்டில் எனக்குப் பதில் தெரியாமல் முழித்த ஒரு கேள்வியை மட்டும் எழுதுவேன், வேறு எதுவும் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதற்கு விடை தேடுவேன். ஒரு தடவை, தடையாணை மனுவில் மாவட்ட நீதிபதி கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மூன்று ஞாயிறு போயிற்று. வீட்டில் பேச்சு வாங்கினேன். அந்த விடைதான் பின்னால் ஒரு சட்ட இதழில் என் பேரில் வந்த முதல் கட்டுரை. மெட்ராஸ் லா ஜர்னலையும் 1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள்தான் ஆரம்பித்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர் யாரும் வந்து நடத்திக் கொடுக்கவில்லை.

சரி, அந்தப் பட்டா கட்டுரையை இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.

புதுக்கவுன்:

முதல் பத்தி மட்டும் போடுகிறேன் சார்: "பலர் பத்திரம் முடித்துவிட்டுப் பட்டாவை மறந்துவிடுகிறார்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் நிலம் சட்டப்படி உங்களுடையது. அப்புறம் யாரும் உங்களை அசைக்க முடியாது."

வைகை வக்கீல்:

தம்பி! முதல் வரி சரி. இரண்டாவதும் மூன்றாவதும் தப்பு. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அனுபவத்துக்கு ஒரு ஆதாரமாகக் காட்டலாம், உரிமை மூலம் ஆகாது. பட்டா மாறியதாலேயே உரிமை வந்துவிடாது என்று கோர்ட்டுகள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. உரிமைத் தகராறு என்றால் தாசில்தாரே உங்களைச் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அரசு கொடுக்கும் ஒப்படைப்புப் பட்டா வேறு சங்கதி, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டீர்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் ஆபீசில் இப்போது விளம்புகைப் பரிகார வழக்கு, அதாவது சொத்து யாருடையது என்று கோர்ட் அறிவிக்கச் சொல்லும் வழக்கு, ஏதாவது நடக்கிறதா?

புதுக்கவுன்:

நடக்கிறது சார். நாங்கள் வாதி. எங்களிடம் 1962-லிருந்து மூலப் பத்திரம் இருக்கிறது. பிரதிவாதி கையில் இருப்பது பட்டா மட்டும்தான். குறுக்கு விசாரணை அடுத்த வாரம்.

பிரதிவாதி வக்கீலும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்.

ஐகோர்ட் அக்கா:

இப்போதே சீனியர் வீட்டுக்குப் போ. போகும்போது அந்தப் பதிவை எடுத்துவிட்டுத் திருத்தம் போட்டுவிட்டுப் போ.