மறு: ‘ஹை-நீட் ஸ்டூடண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் ‘ஹை-நீட் ஸ்டூடண்ட்’ என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தேன். ஏழெட்டுச் சொற்கள் வந்துவிட்டன. இடம், பொருள் தெரியாமல் சொல் அமையாது என்று குழுவிலுள்ள ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்காக, பள்ளிகளுக்குப் பணம் எப்படி வருகிறது என்று விளக்கும் சிறு கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2013 ஜூலை 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட பள்ளி நிதிச் சட்டம்தான் அதில் பேசுபொருள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை உண்டு. அதற்கு மேல் மூன்று வகைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை: ஆங்கிலம் இன்னும் கைவராதவர்கள், இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியான ஏழை வீட்டுப் பிள்ளைகள், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வேறு வீட்டில் வளர்பவர்கள். இந்த மூவரையும் சேர்த்துத்தான் ‘ஹை-நீட்’ என்கிறார்கள்.

> ‘பின்தங்கிய மாணவர்’ போதுமே? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். என் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மழலையர் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் நான்கு கேள்விகள்: குழந்தை முதன்முதலில் பேசக் கற்ற மொழி எது? வீட்டில் அதிகம் பேசும் மொழி எது? நீங்கள் குழந்தையிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? நான்கிலும் ‘தமிழ்’ என்று எழுதினேன். பின்னால் நின்ற நண்பர், “இங்கிலீஷ்னு போடுங்க, இல்லாட்டி தனியா பரீட்சை வைப்பாங்க” என்று காதோடு சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. பரீட்சை வைத்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. அதனால் ‘ஆங்கிலம் கற்பவர்’ பட்டியலில் சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பில் பட்டியலிலிருந்து வெளியே வந்தாள். அதுவரை சட்டத்தின் கணக்கில் அவளும் ஹை-நீட்தான். வீட்டு வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் எதில் பின்தங்கினாள்? வீட்டில் ஒரு மொழி கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘பின்தங்கிய’ என்று இருந்த இடத்தில் ‘பிற்படுத்தப்பட்ட’ என்று எழுதப் பழகிய மொழி நம்முடையது. ‘தாழ்ந்தவர்’ என்றதை ‘தாழ்த்தப்பட்டவர்’ ஆக்கினோம். குறை அந்த ஆளிடம் இல்லை, யாரோ செய்தது என்று வினைச்சொல்லைக் கொண்டே காட்டினோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கலைச்சொல் என்ற பெயரில் ‘பின்தங்கிய’ என்பதற்கே திரும்பிப் போவது எனக்குச் சம்மதமில்லை.

> ‘சிறப்புத் தேவையுள்ள மாணவர்’ ஏற்கெனவே அரசு ஆவணங்களில் இருக்கிறது.

இருக்கிறது, அதனால்தான் கூடாது. தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரிடம் சொன்னாலும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைத்தான் நினைப்பார். கலிஃபோர்னியாவில் அவர்களுக்கான சிறப்புக் கல்வி நிதி இந்தச் சட்டத்துக்கு வெளியே தனியாக வருகிறது. கையேட்டில் இந்தச் சொல்லைப் போட்டால் பெற்றோர் இரண்டு பணத்தையும் ஒன்றாக நினைத்துவிடுவார்கள்.

> ‘மிகைத்தேவை மாணவர்’ அல்லது ‘தேவைமிகு மாணவர்’.

முதலாவது பொருளியல் படித்தவர் கையில் மாட்டிக்கொள்ளும். அங்கே தேவை என்றாலே டிமாண்ட். மிகைத் தேவை என்றால் சந்தையில் அளிப்பை மிஞ்சிய தேவை. இரண்டாவது சொல் சுத்தமாக இருக்கிறது. அதைச் சொன்ன அக்காவுக்கு நன்றி. ஆனாலும் ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். பெற்றோர் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் “உங்கள் பிள்ளை தேவைமிகு பிள்ளை” என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையை ஒரு சுமையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் திருவிழா வரி நோட்டு நினைவுக்கு வருகிறது. தலைக்கட்டு வரி எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை. கணவரை இழந்து தனியாக இருக்கும் பெண்களுக்கு மட்டும் பாதி. நோட்டில் பெயருக்கு நேராக 1/2 என்று போட்டிருப்பார்கள், வாயால் சொல்லும்போது ‘அரைத் தலைக்கட்டு’. கணக்கு நியாயமானது. முடிந்தவர் முழுதாகக் கொடுக்கட்டும், முடியாதவர் பாதி கொடுக்கட்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. ஆனால் என் அத்தை ஒவ்வொரு வருஷமும் முழு வரியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். “நான் என்ன அரை ஆளா?” என்று ஒருமுறை கேட்டார். அவருக்குக் கணக்கின் மேல் கோபமில்லை, அந்த ‘அரை’யின் மேல்தான். அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கூடுதலாகக் கணக்கிடுவது என்பதைக் குறிக்கும் ‘வெயிட்’ என்பதற்கு ‘எடை’யே போதும் என்பது என் கருத்து. புள்ளியியலில் எடையிட்ட சராசரி பழகிய சொல். ஆசிரியர் தகுதித் தேர்வுக் காலத்தில் ‘வெயிட்டேஜ்’ என்றே வழங்கிவிட்டதால், எடை என்றதும் ஆசிரியர்களுக்கு உடனே பிடிபடும். பள்ளிகளை நிர்வகிக்கும் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்பதை மாவட்டம் என்று எழுதினால் நம் ஊர் மாவட்டம் மனதில் வரும். ஒரு சிற்றூரின் சில பள்ளிகளே தனி டிஸ்ட்ரிக்டாக இருப்பதும் உண்டு. அதனால் பள்ளி வட்டாரம் என்று எழுதுகிறேன்.

ஒரு வட்டாரத்தில் 100 பிள்ளைகள், தலைக்கு அடிப்படைத் தொகை 10,000 டாலர் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். அடிப்படை மட்டும் 10,00,000. அவர்களில் 80 பேர் மேலே சொன்ன மூன்று வகையில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 20% கூடுதல்: 1,60,000. இது ‘சப்ளிமெண்டல்’. அப்புறம் இன்னொரு படி. இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகையில் 65% மேலும் உண்டு. இங்கே தாண்டியவர்கள் 25 பேர்: 1,62,500. இது ‘கான்சன்ட்ரேஷன்’. 2013இல் இந்த விகிதம் 50% ஆக இருந்தது, 2021இல்தான் 65% ஆக்கினார்கள். மொத்தம் 13,22,500. பக்கத்து வட்டாரத்தில் அதே 100 பேரில் 50 பேர் என்றால் 11,00,000தான். இரண்டாவது படியில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. (நடைமுறையில் சேர்க்கையை வைத்துப் பணம் தருவதில்லை, சராசரி தினசரி வருகையை வைத்துத்தான். பிள்ளை பள்ளிக்கு வராத நாள் பணத்தில் குறையும். அதைக் கையேட்டில் தனியாக விளக்குகிறேன்.)

சட்டமன்றத்தில் சண்டை நடந்ததே இந்த இரண்டாவது படியில்தான். 2013 ஜனவரியில் பிரவுன் கொண்டுவந்த திட்டத்தில் கூடுதல் 35%, 50 விழுக்காட்டைத் தாண்டினால் இன்னொரு 35%. “சமமில்லாத நிலையில் இருக்கும் குழந்தைகளைச் சமமாக நடத்துவது நீதி ஆகாது” என்று அந்த மாத உரையில் சொன்னார். எதிர்ப்பு அவர் கட்சிக்குள்ளிருந்தே வந்தது. மேலவைத் தலைவர் டாரல் ஸ்டைன்பெர்க் தரப்பின் கேள்வி எளிமையானது: ஏழைப் பிள்ளை ஏழைகள் நிறைந்த ஊரில் இருந்தால் இரண்டு படி, வசதியான ஊரில் இருந்தால் ஒரே படி. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? புறநகர் உறுப்பினர்களுக்கு வேறு கவலை: பொருளாதார மந்தநிலையில் வெட்டுப்பட்ட பணமே இன்னும் திரும்பவில்லை, அதற்குள் பங்கு பிரிப்பா என்று. கடைசியில் ஒத்துப்போனார்கள். அடிப்படைத் தொகையை ஏற்றினார்கள், கூடுதலை 20 ஆக இறக்கினார்கள், இரண்டாவது படியின் எல்லையை 55க்கு நகர்த்தி விகிதத்தை 50 ஆக்கினார்கள். ஸ்டைன்பெர்க் தரப்பின் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் வறுமை ஒரே இடத்தில் நெருக்கியடித்து இருக்கும்போது அதன் பாரம் தலைகளின் கூட்டுத்தொகையை விடக் கூடுதல். ஒரு வகுப்பில் பசியோடு வரும் பிள்ளை ஒருவர் என்றால் ஆசிரியர் தன் டிபனில் பாதியைக் கொடுத்துச் சமாளிப்பார். இருபது பேர் என்றால் என்ன செய்வார்? பிரவுன் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

இப்போது ‘கிராண்ட்’ என்ற சொல். மேலே சொன்ன மூன்று தொகைக்கும் சட்டத்தில் இதுதான் பெயர். அதிகம் யோசித்தது இதற்குத்தான். மானியம் என்றால் சிலிண்டர் மானியம் நினைவுக்கு வரும். ‘துணை மானியம்’ என்று எழுதினால் நம் சட்டமன்றத்தின் துணை மானியக் கோரிக்கையோடு மோதும். நல்கை, கொடை என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அழகான சொற்கள். ஆனால் இரண்டிலும் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. இந்தப் பணம் அப்படி வந்ததல்ல. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1968–69இல் பால்ட்வின் பார்க் வட்டாரம் ஒரு மாணவருக்குச் செலவிட்டது 577 டாலர், பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர். சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் பால்ட்வின் பார்க்காரர்கள் கட்டிய பள்ளி வரி 5.48, பெவர்லி ஹில்ஸ்காரர்கள் கட்டியது 2.38. இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக்கும் குறைவான பணம்! பெற்றோர் வழக்குப் போட்டு, 1971இல் செரானோ தீர்ப்பில் மாநில உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. 1973இல் இதேபோன்ற டெக்சாஸ் வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கையை விரித்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் மாநில நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும்தான் போராட வேண்டியிருந்தது. இப்படிக் கேட்டு வாங்கியதை நல்கை என்பதா? இது பங்கு. நான் முன்வைப்பது: அடிப்படைப் பங்கு, கூடுதல் பங்கு, அடர்த்திப் பங்கு.

கடைசிச் சொல்லான ‘கான்சன்ட்ரேஷ’னுக்குச் ‘செறிவு’ வந்திருந்தது. வேதியியலில் சரி. ஆனால் ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபிறகு செறிவு என்றால் சத்து சேர்ந்தது என்றே காதில் விழுகிறது. இங்கே சொல்ல வந்தது வறுமையின் நெருக்கம். மக்கள்தொகை அடர்த்தி எல்லாரும் பள்ளியில் படித்தது.

அப்படியானால் ஹை-நீட்? என் முன்மொழிவு: மிகுபங்கு மாணவர். மிகு பங்கு, வினைத்தொகை, ஒற்று மிகாது. பிள்ளையிடம் என்ன இல்லை என்று அது சொல்வதில்லை, பிள்ளைக்கு என்ன வரவேண்டும் என்று சொல்கிறது. “உங்கள் மகள் மிகுபங்குப் பட்டியலில் இருக்கிறாள், அந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று பள்ளியில் கேளுங்கள்” என்று ஒரு அம்மாவிடம் என்னால் தயங்காமல் சொல்ல முடியும். இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். கூடுதல் பங்கும் அடர்த்திப் பங்கும் யாருக்காக வந்ததோ அவர்களுக்குத்தான் போகிறதா என்று தடம்பிடிக்க முடியவில்லை என்று மாநிலத் தணிக்கையாளரே 2019இல் அறிக்கை கொடுத்தார். அப்போதெல்லாம் செலவாகாத தொகை மறு வருஷம் பொதுப் பணத்தோடு கலந்துவிடும். 2021இல்தான் அதை அதே பிள்ளைகளுக்கே வைக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள்.

‘தேவை’யை விட்டால் மூலத்துக்குத் துரோகம் ஆகாதா என்று ஐயா கேட்பார், தெரியும். சட்டத்தின் வரையறைப் பிரிவில் இருக்கும் சொல் ‘ஹை-நீட்’ அல்ல ஐயா, ‘அன்டூப்ளிகேட்டட் பியூபில்’. ஏழை வீட்டுப் பிள்ளை, ஆங்கிலமும் கைவரவில்லை, வேறு வீட்டில் வளர்கிறது என்று மூன்றும் ஒரே பிள்ளைக்குப் பொருந்தினாலும் ஒரே ஒரு 20%தான். அதற்கு ‘இரட்டைப் பதிவு நீக்கிய’ என்று வந்த பரிந்துரையை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் இரட்டைப் பதிவு என்பது பிழை அல்லது மோசடி. இங்கே பிழை எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே மூன்று சுமை. ஒன்றை மட்டும் எண்ணுவது சட்டத்தின் முடிவு. ‘ஒருமுறை எண்ணிக்கை’ என்றால் அந்த முடிவு வெளிப்படையாகத் தெரியும். படிப்பவருக்கு ‘ஏன் ஒருமுறை?’ என்றும் கேட்கத் தோன்றும்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்கு அமையவில்லை: ‘ஃபாஸ்டர் யூத்’. வளர்ப்புப் பிள்ளை என்றால் தத்துப்பிள்ளை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் இல்லை. பெற்றோர் இருக்கிறார்கள், நீதிமன்றம் பிரித்து வைத்திருக்கிறது, நாளைக்கே வீடு திரும்பலாம், அல்லது இன்னொரு வீட்டுக்கு மாறலாம், கூடவே பள்ளியும் மாறலாம். ‘ஆதரவற்ற’ என்று எழுதவே கூடாது. குழந்தைகள் நலக் குழுக்களோடு வேலை செய்பவர்கள் நம் குழுவில் இரண்டு பேராவது உண்டு. அங்கே இந்தப் பிள்ளைகளை நேரில் எப்படிக் குறிப்பிடுகிறீர்கள்? கோப்பில் எழுதும் சொல் வேண்டாம், வாயால் சொல்லும் சொல்லை எழுதுங்கள். கையேடு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.