கைப்பேசி நம்மைக் காட்டிக்கொடுத்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

லண்டன்வாசி:
2016 நவம்பர், டிசம்பரில் லண்டன் சுரங்க ரயிலின் 54 நிலையங்களில் பயணிகளின் வைஃபை தடங்களைச் சேகரித்தார்கள். விருப்பமில்லாதவர்கள் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்று நான் ஏறும் நிலையத்திலும் அறிவிப்பு இருந்தது. அந்த நெரிசலில் ஒருவரும் நின்று படிக்கவில்லை. நான்கு வாரங்களில் 56 லட்சம் கருவிகளிலிருந்து 50.9 கோடி பதிவுகள் சேர்ந்தன. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் குறைந்தது 18 வழிகளில் போகிறார்கள் என்பதுவரை கண்டறிந்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க அது உதவும்தான். ஆனால் சம்மதம் கேட்காமல், மறுக்கும் வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டியது இன்னும் உறுத்துகிறது.

இரவுப்பணிச் செவிலியர்:
பணி முடிந்து வீடு திரும்பியதும், யாருடையதோ ஏர்டேக் (பொருள் இருக்குமிடத்தைக் காட்டும் ஆப்பிளின் சிறு வில்லை) என்னோடு நகர்வதாக ஐபோனில் எச்சரிக்கை வந்தது. தொட்டதும் வரைபடம் விரிந்தது; மருத்துவமனையில் தொடங்கிய சிவப்புப் புள்ளிகள் கடைத்தெரு வழியாக என் வீட்டு வாசலில் வந்து நின்றன. கைப்பையின் உள்துணிக்குக் கீழே அது இருந்தது. வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது; என் வீடு அவருக்குத் தெரியும்.

வலையமைப்புப் பொறியாளர்:
லண்டன்வாசி சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. அங்கே கருவிகளின் மேக் முகவரிகளை, அதாவது ஒவ்வொரு கருவியையும் வலையமைப்பில் அடையாளம் காட்டும் எண்களை, வேறு குறியீடாக மாற்றித்தான் சேமித்தார்கள். ஐபோன்களும் 2014-இல் வந்த ஐஓஎஸ் 8 இயங்குதளம் முதலே வைஃபை தேடும்போது தற்காலிக முகவரியைக் காட்டத் தொடங்கிவிட்டன. என்னை உறுத்துவது வேறு: முன்பு இணைந்த வைஃபைகளைக் கைப்பேசி பெயர் சொல்லித் தேடினால், நாம் போய்வந்த இடங்கள் வெளியே தெரிந்துவிடும். ஒரு பயிற்சி வகுப்பில், அறையிலிருந்த கைப்பேசிகள் தேடிய வைஃபை பெயர்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு கருத்தரிப்பு மையத்தின் பெயர் தோன்றியதும், பின்வரிசையில் ஒருவர் அவசரமாகக் கைப்பேசியை அணைத்தார்.

ஆகவே பழைய வைஃபை பெயர்களை நீக்கிவிடுங்கள். வீட்டு வைஃபையின் பெயரை மறைத்து வைக்காதீர்கள்; மறைத்தால், போகுமிடமெல்லாம் கைப்பேசி அதைப் பெயர் சொல்லித் தேடும். செவிலியர் அம்மா, அந்த ஏர்டேக்கை எறிந்துவிடாதீர்கள். கைப்பேசியின் மேற்பகுதியருகே அதைப் பிடித்தால் வரிசை எண்ணும், பதிவு செய்தவருடைய தொலைபேசி எண்ணின் கடைசி 4 இலக்கங்களும் தெரியும். படம் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களும் அறியப்படாத டிராக்கர் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள்.

லண்டன்வாசி:
குறியீடாக மாற்றினார்கள் என்பது சரி. ஆனால் ஒரு கருவிக்கு ஒரே குறியீடு இருந்ததால்தானே அதை நிலையம் நிலையமாகத் தொடர முடிந்தது? பெயர் தெரியாமலே ஒருவரைப் பின்தொடரலாம் என்பதுதான் என் கவலை. 2013-இல் இதே ஊரில் தெருக் குப்பைத்தொட்டிகளில் கருவி பொருத்தி, நடந்து போகிறவர்களின் கைப்பேசிகளைக் கணக்கெடுத்தார்கள். சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி தலையிட்ட பிறகே அது நின்றது. அந்த வழியாக நடந்தவர்களில் எவரிடம் அனுமதி கேட்டார்கள்?