ஒல்லாந்தர் கதிரையா? கவிழ்த்துப் பாருங்கோ

கொக்குவிலான்:
யாழ்ப்பாணத்தில் கதிரை கொஞ்சம் பழசாக இருந்தால் போதும், அது ஒல்லாந்தர் காலத்தது ஆகிவிடும். அம்மம்மா வீட்டு விறாந்தைக் கதிரைகளும் அந்தப் பேரோடுதான் எங்களிடம் வந்தன. வளைந்த முதுகு, வட்டப் பிரம்பு இருக்கை, கறுப்புப் பொலிஷ். முந்நூறு வருஷப் பழசு என்று மாமா சத்தியம் பண்ணுவார்.

பிரம்பு பின்ன வந்தவர் ஒன்றைத் தூக்கின உடனேயே சிரித்தார். "தம்பி, இது எங்கட மரமில்லை. பாரமே இல்லை." கவிழ்த்து வைத்து, இருக்கை வளையத்தின் உட்பக்கத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். ஊத்தைக்குள் இருந்து மெல்ல எழுத்துத் தெரிந்தது: தோனெத்.

ஆஸ்திரியாவின் தோனெத் கம்பனி 1859இல் கொண்டுவந்த 14ஆம் இலக்கக் கதிரை அது. பீச் மரத்தை ஆவியில் அவித்து வளைத்தது. மொத்தம் ஆறு மரத்துண்டு, பத்து ஸ்குறூ, இரண்டு நட். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றருக்குள் 36 கதிரை அடங்கும். பிறகென்ன, கப்பல் போன இடமெல்லாம் இதுவும் போனது. காப்புரிமை 1869இல் முடிந்ததும் மற்றக் கம்பனிகளும் இதே அச்சில் செய்தன. ஆகவே உருவத்தை நம்பாமல் முத்திரையைத் தேடுங்கள்.

ஒல்லாந்தர் இங்கே கோட்டையைப் பிடித்தது 1658. ஆங்கிலேயரிடம் விட்டது 1795. அவர்கள் போய் அறுபது வருஷத்துக்குப் பிறகு பிறந்த கதிரை இது. மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பருத்தித்துறை அக்கா:
ஒல்லாந்தர் கதிரை என்றால் வட்ட இருக்கையும் ஆறு காலும் உள்ள பேர்கோமாஸ்டர் கதிரையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதையும் பிற்காலத்தில் நிறையப் பேர் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி எனக்குக் காட்டினதில் அடியில் நட்சத்திரத் தலை (பிலிப்ஸ்) ஸ்குறூ! அது 1930களில் வந்த சாமான். பழுது பார்த்தபோது போட்டதாம். சரி என்று கடைசல் காலை அளந்தேன். பழைய மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வட்டமாகக் கடைந்த கால் நாளடைவில் கொஞ்சம் நீள்வட்டமாகிவிடும். இதுவோ எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மானிப்பாய்:
எங்களிடம் இருப்பது அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை. காலை நீட்டிப் போட, கைக்கு அடியிலிருந்து இழுக்கும் சட்டம் உள்ளது. 1995 போர் இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போனோம். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கதிரையின் ஒரு கையை யாரோ மரம் அறுக்கும் வாளால் அறுத்து எடுத்திருந்தார்கள், விறகுக்காக இருக்கலாம். கறுப்புப் பெயின்ட் பூசிய கதிரை. அறுத்த முகத்தில் மட்டும் மஞ்சள் பளபளப்பு. முதிரை மரம்! வயது தெரியாது, இந்த மாதிரியை நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் பிரம்பு ஒவ்வொரு துளையாகக் கோர்த்த கைப்பின்னல். சட்டத்தில் காடி (பள்ளம்) வெட்டி, ஆயத்தமாகப் பின்னின பிரம்புப் பாயை ஒட்டினது இல்லை. பெயின்டைச் சுரண்டச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. கை போடப் பழைய முதிரைப் பலகை யாரிடமாவது இருக்கா?