வியட்நாம் போர்ச் சிப்பாய்கள்: காதில் விழுவதில் எது தேறும்?

காகிதக்கப்பல்:
வியட்நாம் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாலு விஷயம் தவறாமல் வந்துவிடுகிறது. போன அமெரிக்கர்கள் எல்லாரும் கட்டாயமாகப் பிடித்து அனுப்பப்பட்டவர்கள். சராசரி வயது 19. அமெரிக்கப் படை ஊர்க்காரர்களைச் சுட்டுக் கொன்ற மை லாய் கிராமத்தில் சிப்பாய்க்கு வேறு வழியில்லை, உத்தரவு அப்படி. நேபாம் என்ற தீக்குண்டு பட்டு ஓடிவரும் சிறுமியின் படத்தில் குண்டு போட்டது அமெரிக்க விமானம். இதில் எது சரி?

பழுப்பேடு:
நாலுமே அப்படியே தேறாது.

அங்கே பணியாற்றிய சுமார் 27 லட்சம் பேரில் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள், எண்ணும் விதத்தைப் பொறுத்து, நாலில் ஒருவர் அல்லது மூன்றில் ஒருவர். இறந்த 58,000 சொச்சம் பேரில் அவர்கள் சுமார் 30 சதவீதம். அதற்காக மீதிப்பேர் ஆசைப்பட்டுப் போனார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அழைப்பாணை வந்து போனால் 2 ஆண்டு, காலாட்படையில் போய் விழ வாய்ப்பு அதிகம். முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பொதுவாக 3 ஆண்டு, ஆனால் என்ன வேலை என்பதில் கொஞ்சம் பேரம் பேசலாம். கடற்படை, விமானப்படைக்கும் போகலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் ஏராளம். கல்லூரி மாணவர்களுக்கு ஒத்திவைப்பு இருந்ததால் சுமை உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் தலையில் விழுந்தது. தரைப்படையை மட்டும் எடுத்தால் 1969இல் சண்டையில் செத்தவர்களில் பாதிக்கு மேல் கட்டாயமாக வந்தவர்கள்தான். எந்த ஆண்டு, எந்தப் படை என்று கேட்காமல் சதவீதத்தை நம்பக்கூடாது.

வயது: இறந்தவர்களின் சராசரி 23ஐ ஒட்டி வருகிறது. அதிகம் பேர் செத்த வயது 20. 19 என்பது எப்படியோ ஒட்டிக்கொண்டது.

படம்: 1972 ஜூன் 8, தென் வியட்நாமில் டிராங் பாங் என்ற ஊர். குண்டு போட்டது அமெரிக்காவின் கூட்டாளியான தென் வியட்நாமின் விமானப்படை. விமானம் அமெரிக்கத் தயாரிப்பு, விமானி அமெரிக்கர் அல்ல.

மணல்கடிகை:
மை லாய்க்கு வருகிறேன். 1968 மார்ச் 16. கொல்லப்பட்டவர்கள் வியட்நாம் கணக்கில் 504 பேர், அமெரிக்க ராணுவக் கணக்கில் 347. 'உத்தரவு' என்ற வாதத்தை ராணுவ நீதிமன்றமே ஏற்கவில்லை. சிப்பாய் கட்டுப்பட வேண்டியது சட்டபூர்வமான உத்தரவுக்குத்தான்; சாதாரண அறிவுள்ள எவனுக்கும் குற்றம் என்று தெரிகிற உத்தரவு கேடயமாகாது. அங்கே ஒரு சிறு பிரிவை நடத்திய லெஃப்டினன்ட் வில்லியம் கேலி 1971இல் குற்றவாளி என்று தீர்ப்பானது: குறைந்தது 22 கொலை, ஆயுள் தண்டனை. கழித்ததோ பெரும்பாலும் வீட்டுக்காவலில் மூன்றரை ஆண்டு போல. அவருக்கு மேலே இருந்த கேப்டன் மெடினா விடுதலை. தண்டனை பெற்றது ஒரே ஒருவர்!

வேறு வழி இருந்தது என்பதற்கு அங்கேயே சாட்சி உண்டு. சுட மறுத்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க விமானி ஹியூ தாம்சன் தன் ஹெலிகாப்டரைச் சிப்பாய்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே இறக்கினார். ராணுவம் அவருக்கு உரிய பதக்கம் தர 1998 ஆனது.

காகிதக்கப்பல்:
அப்படியானால் மை லாய் ஏதோ சில கெட்டவர்கள் செய்தது, அவ்வளவுதானா?

பழுப்பேடு:
அதுவும் இன்னொரு தவறான எண்ணம். நிலம் பிடித்து வைத்துக்கொள்ளும் போர் இல்லை என்பதால் வெற்றியைப் பிணக்கணக்கில் அளந்தார்கள். எண்ணிக்கை கூடினால் அதிகாரிக்கு நல்ல பெயர்; செத்த விவசாயியும் எதிரிக் கணக்கில் ஏறுவார். சோதிக்க ஒரு வழி உண்டு. செத்தவர் சண்டைக்காரர் என்றால் ஆயுதமும் கிடைக்க வேண்டும்; அதனால் கொன்ற எண்ணிக்கையைக் கைப்பற்றிய ஆயுதங்களால் வகுத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை மேகாங் கழிமுகத்தில் அமெரிக்கக் காலாட்படையின் 9ஆம் டிவிஷன் நடத்திய 'ஸ்பீடி எக்ஸ்பிரஸ்' நடவடிக்கையில் கொன்றதாகச் சொன்னது 10,899 பேர், கிடைத்த ஆயுதம் 748. ஏறக்குறைய 15 பேருக்கு ஒன்று. இரவில், வானிலிருந்து சுட்டதால் ஆயுதத்தை எடுக்க முடியவில்லை என்பது படைத்தரப்பின் விளக்கம். எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு.

மணல்கடிகை:
ஐந்தாவதாக ஒன்று: கறுப்பினத்தவர்கள்தான் அளவுக்கு மீறிச் செத்தார்கள் என்பது. முழுப் போருக்கும் பார்த்தால் இறந்தவர்களில் அவர்கள் பங்கு 12.5 சதவீதத்தை ஒட்டி, மக்கள்தொகைப் பங்குக்கு அருகில். ஆனால் 1965, 66இல் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் இறங்கியது. இதைப் பற்றி வாதாடும் இரு தரப்பும் ஆளுக்கொரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். இரண்டும் சரியான எண்தான்.