அறுந்த நரம்பும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரும்

நுண்நோக்கி:
"மரபணு ஊசி ஒன்று போதும், அறுந்த கை நரம்பு ஆறே வாரத்தில் வளர்ந்துவிடும், தையல்கூட வேண்டாம்" என்று கதிரவன் நேற்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் புற நரம்பு அறுந்தால், அதன் இழைகள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. தோளருகே அறுந்தால் அவை உள்ளங்கையை எட்ட 60, 70 சென்டிமீட்டர் கடக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். நரம்பின் தொடர்பை இழந்த தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலும் மீட்க முடியாதபடி நலிந்துவிடுகிறது. ஆறு வாரம் என்பது எந்தக் கணக்கு?

கதிரவன்:
நீங்கள் சொல்லும் 1 மில்லிமீட்டர் என்பது சிகிச்சை இல்லாதபோது இருக்கும் வேகம். அதை மாற்றுவதற்குத்தானே சிகிச்சை? நரம்பிழையைச் சுற்றி உறைபோல இருக்கும் ஸ்வான் செல்களுக்குள் வைரஸ் வழியாக ஜி.டி.என்.எஃப். மரபணுவைச் செலுத்தினால், அந்த வளர்ச்சிப் புரதத்தை அவை தொடர்ந்து சுரக்கும். எலிகளில் இது நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஸ்டெம் செல் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு என்னை எல்லோர் முன்னும் சிறுமைப்படுத்தினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நுண்நோக்கி:
அன்றும் நான் சொன்னதுதான் சரி. எலியைக் காட்டினீர்கள் அல்லவா, அதையே முழுதாகப் பாருங்கள். ஜி.டி.என்.எஃப். ஓரிடத்தில் ஓயாமல் சுரந்தபோது, இழைகள் அந்த இடத்தை விட்டு நகராமல் அங்கேயே சுருண்டு சிக்கிக்கொண்டன; தசையை நோக்கிப் போகவில்லை. அதனால்தான் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், டாக்சிசைக்ளின் மருந்து கொடுத்தால் மட்டும் இயங்கும் மரபணு விசை ஒன்றை அமைத்து, ஒரு மாதம் சுரக்கவிட்டுப் பிறகு நிறுத்தினார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், தொலைவு சென்ற இழைகள் கூடின. ஆனால் பிய்ந்த நரம்பு வேரை முதலில் அறுவை சிகிச்சையால் தண்டுவடத்தில் மீண்டும் பொருத்திய பிறகே அந்த மரபணுவைச் செலுத்தினார்கள். தையல் வேண்டாம் என்று எந்த எலி உங்களிடம் சொன்னது? வேகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. டியூபுலின் போன்ற கட்டுமானப் புரதங்கள் நரம்பு செல்லின் உடலிலிருந்து இழைக்குள் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. கல் வந்து சேராமல் சுவர் எழும்பாது.

மலர்விழி:
என் தம்பிக்கு முன்கை நரம்பு அறுந்து தைக்கப்பட்டது. மாதம் ஒருமுறை மருத்துவர் தையலுக்குக் கீழே விரலால் தட்டிக்கொண்டே போவார். மின்சாரம் பாய்ந்ததுபோல எந்த இடத்தில் சுரீரென்கிறதோ வளரும் நுனி அங்கே என்று பேனாவால் புள்ளி வைப்பார். முதல் மாதம் புள்ளி நகரவே இல்லை. அதன் பின் மாதத்துக்கு ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்தது. புள்ளி மணிக்கட்டைத் தாண்டிய பிறகும் விரல் அசைய வெகுநாள் ஆயிற்று. நீங்கள் இருவரும் வேகம் என்று சொல்வது இழை நுனியின் வேகத்தையா, விரல் அசைவதையா?

கதிரவன்:
ஒரு கட்டைவிரல் அகலம் என்றால் நுண்நோக்கியின் 1 மில்லிமீட்டரைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். ஆக, அந்த எண் கல்வெட்டு அல்ல. முதுகெலும்புத் தசைநலிவு நோய்க்கான ஸோல்ஜென்ஸ்மா என்ற மரபணு மருந்துக்கு அமெரிக்கா 2019லேயே அனுமதி கொடுத்துவிட்டது. நரம்புக்கு மரபணு சிகிச்சை வந்துவிட்டதென்று ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்?

நுண்நோக்கி:
அது பிறவியிலேயே பழுதான எஸ்.எம்.என்.1 மரபணுவின் வேலையைச் செய்ய ஒரு நல்ல பிரதியைக் கொடுக்கும் சிகிச்சை. தண்டுவட இயக்க நரம்பு செல்கள் சாகாமல் காக்கிறது. அறுந்த இழையை அது ஒட்டுவதில்லை. தொடக்கத்திலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்: 1 மில்லிமீட்டர் எப்படி ஆறு வாரக் கணக்காயிற்று?

பொன்னி:
நுண்நோக்கி, உங்கள் தகவல்கள் சரியாக இருக்கலாம். ஆனால் மலர்விழி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரைப்போல எல்லோரையும் அதட்டுகிறீர்கள். சென்ற முறை நான் இங்கிருந்து விலகியதும் இதனால்தான்.

நுண்நோக்கி:
நரம்பு அறுந்து கை செயலிழந்து நிற்பவர் கதிரவனின் பதிவை நம்பித் தையலைத் தள்ளிப்போட்டால், தசை நலியும் அந்தக் கால அளவு அவருக்காகக் காத்திருக்காது. அதனால் அதட்டுவேன். 1 மில்லிமீட்டர், கதிரவன். விடை சொல்லுங்கள்.

கதிரவன்:
எலியில் வேகம் அதிகம் என்பதை நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு சொல்கிறேன்.