கடல் வத்தும்போது பார்க்கணும்: ராமேஸ்வரம் பக்கம் எங்கே, எப்போது போகலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு. "கடல் வத்தினா அடியில என்னப்பா இருக்கும்?" என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறாள். மதுரையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி ராமேஸ்வரம் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பலாம் என்று யோசனை. கோயிலுக்குப் பல தடவை போயிருக்கிறோம், அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்ததோடு சரி. எந்த இடம், எத்தனை மணிக்கு? சிப்பி, சங்கு பொறுக்கலாமா? இன்னொன்று, என் அம்மா போகவே வேண்டாம் என்கிறார். டிவியில் "பாம்பனில் கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்" என்று ஓடியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு 2004தான் கண்முன் நிற்கிறது.

மயிலாப்பூர் மச்சான்:
நான் பார்த்த ஒரே ஓதம் (கடல் ஏறி வத்துவது) கன்னியாகுமரியில். திருவள்ளுவர் சிலைக்குப் போக வரிசையில் ரெண்டு மணி நேரம் நின்ற பிறகு "நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது, படகு கிடையாது" என்று அனுப்பிவிட்டார்கள். சுண்டல் நன்றாக இருந்தது.

பாசிக்காரி மகள்:
தம்பி, நான் பாம்பன் தீவுல பிறந்தவ. எங்கம்மா முப்பது வருசம் கடல்பாசி எடுத்தவங்க. அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன்.

முதல்ல ஞாயிற்றுக்கிழமையை விடுங்க. தண்ணிக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. வீட்டுல தினசரி காலண்டர் இருக்கும்ல, அதுல அமாவாசையோ பௌர்ணமியோ பார்த்து, அன்னிக்கோ அடுத்த ரெண்டு நாளுக்குள்ளயோ வாங்க. அப்பத்தான் நல்லா வத்தும். அஷ்டமி நவமியில வந்தீங்கன்னா ஏத்தமும் இல்லாம வத்தமும் இல்லாம மந்தமாக் கிடக்கும், பிள்ளை ஏமாந்து போகும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வத்தும். இன்னிக்கு வத்துன நேரத்துக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிசம் பிந்தும். சரியான மணி வேணும்னா ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்தோட தளத்துல ஓத நேரம் போடுறாங்க. வத்தி முடியுற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாடியே இறங்கிருங்க. வத்தி முடிஞ்சப்புறம் போறவங்க பாதிதான் பார்ப்பாங்க.

எந்தப் பக்கம்னு கேட்டீங்க. இப்ப கச்சான், அதான் தென்மேற்குக் காத்து. தென்கடல், அதான் மன்னார் வளைகுடா பக்கம், கலங்கிக் கிடக்கும். வடகடலுக்கு, அதான் பாக் விரிகுடா பக்கம் வாங்க. ஓலைக்குடா நல்ல இடம். வாடை அடிக்கிற மார்கழியில கேட்டிருந்தா அப்படியே மாத்திச் சொல்லியிருப்பேன். தீவுகளுக்குப் போகலாம்னு யாராவது வள்ளத்துக்குக் கூப்பிட்டா ஏறாதீங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கிற அந்த 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கா ஆயிருச்சு, வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது.

வெறுங்காலோட இறங்கவே கூடாது. ஒன்பது வயசுல நான் இறங்கினேன். கல்லுல ஒட்டியிருக்கிற கொட்டலசு பிளேடு மாதிரி கிழிச்சு ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலை (அதுக்காகவே மறுபடி கிழிச்சுக்கலாமான்னு யோசிச்சது வேற கதை). பழைய கேன்வாஸ் ஷூ போதும். மணல்ல காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க. திருக்கை புதைஞ்சு கிடந்தா அதிர்வு தெரிஞ்சு நகந்துரும், மிதிச்சாத்தான் கொட்டும். கொட்டிருச்சுன்னா தாங்குற சூட்டுல வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

கல்லைப் புரட்டுங்க, தப்பில்ல. ஆனா மெதுவா. அடியில சின்ன நண்டு, புழு, சில நேரம் கையகலப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இருக்கும். பார்த்துட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வைங்க. அடிப்பக்கம் வெயிலைப் பார்த்தா அதுல ஒட்டியிருக்கிறதெல்லாம் கருகிரும். கூம்பு மாதிரி, மேல அழகா வரி போட்ட சங்கு கிடந்தா பிள்ளை கையில எடுக்காமப் பார்த்துக்கங்க, அதுல சிலதுக்கு விஷ ஊசி உண்டு. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. 2001ல அதையெல்லாம் புலி, யானை இருக்கிற அதே சட்டப் பட்டியல்ல சேர்த்தாங்க. கரையில செத்து ஒதுங்கிய பவளத் துண்டுக்கும் சேர்த்துத்தான். வெறும் சங்குலயும் ஒரு சன்னியாசி நண்டு குடியிருக்கும், அதனால போட்டோ எடுத்துட்டு விட்டுருங்க.

உங்கம்மா பயம் நியாயம்தான். சுனாமி வந்த அன்னிக்கும் பௌர்ணமி. ஆனா வத்தம் ஆறு மணி நேரமாப் பைய இறங்கும். காத்தும் சேர்ந்து தள்ளினா வழக்கத்தைவிடக் கூடுதலா வத்தி வள்ளமெல்லாம் தரை தட்டி நிக்கும், டிவிக்காரங்க ஓடி வருவாங்க. சுனாமியில அப்படியில்ல, கடல் உள்வாங்கினா நிமிசக் கணக்குல உறிஞ்சி எடுத்துரும். அப்படி எப்பவாவது பார்த்தா செருப்பைக்கூடத் தேடாம மேட்டைப் பார்த்து ஓடணும்.

மாட்டுங்கா மணி:
அக்கா, மும்பையில் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகிற பாதையே ஏற்றத்தில் மூழ்கிவிடும். உங்கள் பக்கம் ஒரு மீட்டர்கூடத் தேறாதே, அதில் பார்க்க என்ன இருக்கு?

பாசிக்காரி மகள்:
உங்க ஊர்க் கடல் பானை, எங்க வடகடல் தாம்பாளம். தாம்பாளத்துல ஒரு டம்ளர் தண்ணி குறைஞ்சாலே ஓரம் தெரியும்.

அம்மா கடிகாரம் பார்த்ததே இல்ல. முழங்கால் தண்ணியில நின்னு கடல்தாழையை, அதான் கடலடியில முளைக்கிற புல்லைப் பார்ப்பாங்க. இலையெல்லாம் கடல் பக்கம் சாஞ்சு கிடந்தா வத்துது. நிமிர்ந்து நின்னு எந்தப் பக்கம்னு தெரியாம ஆடினா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாக் கரைப் பக்கம் தலை சாய்க்கும். "தண்ணி திரும்பிருச்சு, ஏறு"ம்பாங்க. விரல்ல துணி சுத்தி, கண்ணாடி மாட்டி, காலுல தட்டு கட்டி மூழ்கி எடுத்த மரிக்கொழுந்துப் பாசியை அப்பத்தான் கரையில கொட்டுவாங்க. தம்பி, மகளை அந்த இலையைப் பார்க்கச் சொல்லுங்க. மூங்கில் தெப்பத்துல கட்டித் தொங்குறது பெப்சி பாசி, அந்தக் கம்பெனி வழியா வந்ததால ஒட்டுன பேரு. அது ஆளுக வளர்க்கிறது, அதைத் தொட வேணாம்.

வைகைக்கரை:
அமாவாசைக்கு மறுநாள் போய் வந்தோம், பள்ளிக்கு லீவு போட்டுத்தான். அம்மாவும் வந்தார். கரையிலேயே குடையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "போதும், ஏறி வாங்க" என்றார். இலை நிமிர்ந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். ஒரு குழியில் கொழகொழவென்று பழுப்பாக, முயல் காது மாதிரி ரெண்டு கொம்போடு ஒன்று கிடந்தது. அவள் நிழல் பட்டதும் நாவல் பழம் நசுக்கின மாதிரி ஊதா சாயத்தைக் கக்கியது. அது என்ன அக்கா? சட்டையில் பட்டுவிட்டது.

பாசிக்காரி மகள்:
கடல் முயல். பாசி தின்னுற ஜீவன், ஒண்ணும் பண்ணாது. நிழலுக்கெல்லாம் கக்காது தம்பி, உங்க மக விரலை விட்டிருப்பா, கேட்டுப் பாருங்க.