மறு: ‘பொலிஷ்’ எல்லாவற்றுக்கும் ‘மெருகேற்றல்’ போதுமா?

மாங்குளத்திலிருந்து:

வணக்கம்.

பழைய கார் வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழையைத் தொடக்கத்திலிருந்து இன்றைக்குத்தான் வாசித்து முடித்தேன். இரண்டு நாளாக மழை. கராஜ் வாசலில் முழங்காலளவு தண்ணீர், வேலை இல்லை. அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பழைய கார்களின் உலோக அலங்காரப் பட்டைகளைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கும் வேலை முழுவதற்கும் ‘மெருகேற்றல்’ என்ற ஒரே சொல் போதும். பாலிஷ், பஃபிங் (துணிச் சக்கரத்தில் தேய்ப்பது), பிளேட்டிங் (முலாம் பூசுவது) எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

சென்னை ஐயா எழுதியது. அடங்காது ஐயா. அடங்கும் என்று நானும் நினைத்ததால்தான் எனக்கு ஒரு ‘பறக்கும் ஏ’ போனது.

கார், ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். 1952 முதல் 1954 வரை செய்த வகை. மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில் வைக்கோல் கொட்டிலுக்குள் நின்றது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது, கார்பரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. மேலே பறப்பவன் கண்ணுக்கு மினுங்கக் கூடாது என்று பம்பர், கிறில், ஹெட்லைற் வளையம் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். தின்னர் போட்டுத் துடைத்தால், கீழே குரோமம் பல இடங்களில் அச்சொட்டாக இருக்கிறது. மறைக்க அடித்த பெயின்ற் இருபது வருடம் ஈரத்தை அண்டவிடவில்லை.

பொனற்றின் மூக்கில் நிற்கும் சிறகுச் சின்னத்தைத்தான் ‘பறக்கும் ஏ’ என்பார்கள். அதை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், பெயின்ற் இல்லாமல். குரோமத்தில் நெல்மணி அளவுக்குக் கொப்புளங்கள். தெற்கே முலாம் பூசுகிற ஒரு கடைக்குப் பார்சலில் அனுப்பினேன். கூட வைத்த துண்டில் எழுதியது, ‘நன்றாகப் பொலிஷ் பண்ணித் தரவும்’. பழையதை உரித்துவிட்டுப் புதிதாக முலாம் போட்டுத் தருவார்கள் என்பது என் நினைப்பு. அவர்கள் எழுதியிருந்ததைச் செய்தார்கள். சுழலும் துணிச் சில்லில் (சக்கரத்தில்) பிடித்து நன்றாகவே தேய்த்திருக்கிறார்கள். திரும்பி வந்த சிறகின் நடுவில் வெளிறிய மஞ்சள், நுனிகளில் செம்பு நிறம், கொப்புளம் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறக் குழி. காசும் வாங்கிவிட்டார்கள். சண்டைக்குப் போனேன். என் துண்டை எடுத்துக் காட்டினார்கள்.

அந்த மஞ்சளும் செம்பும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சொற்பிரச்சினையில் பாதி தீரும். சின்னம் நாகக் கலவையில் வார்த்தது. தமிழ்நாட்டில் துத்தநாகம் என்பீர்கள். அதன்மேல் செம்பு, செம்பின்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். நிக்கல் பத்திருபது மைக்ரோன் தடிப்பாவது இருக்கும். குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரோனுக்கு மேல் போகாது. தலைமயிர் ஒன்று 70 மைக்ரோன் அளவு என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். குரோமம் என்று நாம் ஆசையாய்த் தடவிப் பார்க்கும் பளபளப்பு பெரும்பாலும் கீழே கிடக்கும் நிக்கலுடையது. அது மங்காமல் மூடிக்கொண்டிருக்கிற, இலேசான நீலச்சாயல் கொண்ட தோல்தான் குரோமியம். சில்லில் கொஞ்சம் அழுத்தினால் தோல் போய் நிக்கல் மஞ்சள் காட்டும். இன்னும் அழுத்தினால் செம்பு.

(ஒரு பக்கக் கதை. கொரியப் போர்க் காலத்தில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு. 1952ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நிக்கலை மிச்சம் பிடித்துச் செய்த கார்களின் குரோமம் சீக்கிரமே போய்விட்டது. எங்கோ நடக்கிற சண்டை இன்னோர் ஊர்ப் பம்பரில் தெரியும். வன்னிக்காரனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.)

ஆகவே, சில்லில் தேய்ப்பது எடுக்கிற வேலை. முலாம் என்பது போடுகிற வேலை. ‘ஏற்றல்’ என்ற சொல்லே மேலே எதையோ வைப்பது போலத்தான் கேட்கிறது. இரண்டுக்கும் ‘மெருகேற்றல்’ என்று பெயர் வைத்தால், நாளைக்கு இன்னொருவன் துண்டைச் சுத்தத் தமிழில் எழுதி அனுப்பிவிட்டு என்னைப் போலவே அடி வாங்குவான்.

தேய்ப்பதற்கு ‘மினுக்கல்’ என்று வைப்போம் என்கிறேன். எங்கள் பக்கம் இது நடப்பில் இருக்கிற சொல். கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்ப்பதற்கு, விளக்கு மினுக்குதல் என்றுதான் பெயர். புளியின் அமிலம் களிம்பைக் கரைத்து எடுக்கிறது. அங்கேயும் எடுக்கிற வேலைதான். கராஜில் டிங்கர் வேலை பார்க்கிற பெரியவரிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். “மினுக்கிறதெண்டால் உரஞ்சி எடுக்கிறது, முலாமெண்டால் போடுறது. ரெண்டும் ஒண்டே? படிச்ச ஆக்களுக்கு இதுகூடத் தெரியாதே?” என்றார். குறை நினைக்காதீர்கள், அவர் எல்லாரையும் அப்படித்தான் கேட்பார்.

இப்போது மேசையில் கிடப்பது வேறொரு காரின் பக்கப்பட்டி, பித்தளையும் இல்லை குரோமமும் இல்லை, சில்வர். வீட்டில் சில்வர்ச் சட்டி என்கிறோமே, அதே உருக்கு. தமிழ்நாட்டில் எவர்சில்வர். பாடப்புத்தகத்தில் கறையில் உருக்கு. இதற்கு முலாமே இல்லை, அடிவரை ஒரே உலோகம். அதனால்தான் தாராளமாக மினுக்கலாம். நடுவில் ஒரு நெளிவு. முதிரைக் கட்டை ஒன்றில் தலைகீழாக வைத்து, உட்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும், ஓங்கி ஒரு அடி போடாமல், முப்பது நாற்பது செல்லத் தட்டு. பிறகு முகப்பில் மார்க்கர் பேனையால் கறுப்பாகத் தடவி, மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு. மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கறுப்பு நிற்கும் இடத்தை மறுபடி உள்ளிருந்து தட்டு. கறுப்பு முழுக்கப் போனதும் வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு: 400, 600, 800, 1000. ஒவ்வோர் இலக்கத்திலும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். முந்தின கீறல் குறுக்கே கிடந்தால் கண்ணில் படும். திசையை மாற்றாதவனுக்குக் கீறல் கடைசியில் வெயிலில்தான் தெரியும்.

அப்புறம்தான் சில்லு. துணி அடுக்கித் தைத்த அந்தச் சில்லுக்கு ‘மினுக்குச் சில்லு’, அதில் பூசும் மெழுகுக் கட்டிக்கு ‘மினுக்குக் கட்டி’. இதில் யாருக்கும் ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன். சில்லு சுற்றி வரும் திசைக்கு எதிராகப் பட்டியை இழுத்தால் அது வெட்டும், கீறலை எடுக்கும். சில்லோடு சேர்த்து இழுத்தால் ஒளி வரும். முதலாவதை ‘வெட்டு மினுக்கு’, மற்றதைக் ‘கடை மினுக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். பட்டியின் விளிம்பை ஒருபோதும் சில்லுக்கு எதிரே கொடுக்கக் கூடாது. பிடித்து எறிந்துவிடும். நம் கூரைத் தகரத்தில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

மூன்றாவது வகை அலுமினியம். இங்கே எடுப்பதும் இல்லை, போடுவதும் இல்லை. அமிலத்தில் அமிழ்த்தி அலுமினியத்தை அனோட்டாக (நேர்மின்வாயாக) வைத்து மின்சாரம் விட்டால், அதன் உடம்பிலிருந்தே ஒட்சைட்டுத் தோல் ஒன்று வளர்கிறது. மங்கிப்போன பட்டியை அந்தத் தோலோடு எவ்வளவு மினுக்கினாலும் ஒளி வராது. தோலைக் கழற்ற கோஸ்டிக் சோடா. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடா செய்து ஓடிய காலத்தைக் கண்ட ஊர் இது. கையுறை இல்லாமல் அதைத் தொடாதே என்று சொல்ல வீட்டுக்கு ஒரு ஆள் இருப்பார். நீர்த்த கரைசலில் சில நிமிடம் போதும். மறந்து விட்டால் தோலோடு பட்டியும் பொங்கிக் கரையும். மின்முலாம் என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் பார்த்து இதற்கு ‘மின்தோல்’ என்று வைக்கலாமா?

கடைசியாக ‘ட்றிம்’, அதாவது இந்த அலங்காரப் பட்டைகள். இதை அப்படியே தமிழில் எழுதி விடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். இங்கே முடியாது. ட்றிம் கழன்றுவிட்டது என்றால் பையன் குனிந்து சில்லைப் பார்க்கிறான், அவன் காதில் விழுவது ‘றிம்’. என் முன்மொழிவு ‘கரைப்பட்டி’. இரண்டு நிறப் பெயின்ற் சந்திக்கும் கோட்டை மறைக்கும், கண்ணாடி ரப்பரின் பொருத்தை மூடும். வேட்டிக் கரை மாதிரி, ஓரத்தைக் காட்டவும் செய்யும், காக்கவும் செய்யும்.

மின்சாரம் போகப் போகிறது. மிச்சம் பிறகு.

சென்னையிலிருந்து:

மாங்குளம் நண்பருக்கு வணக்கம். பிளேட்டிங்கை மெருகேற்றலுக்குள் போட்டது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன். ‘முலாம் பூசுதல்’ தனியாகவே இருக்கட்டும்.

ஆனால் ‘ஏற்றல்’ என்றாலே மேலே எதையோ வைப்பது என்று நீங்கள் எடுத்துக்கொள்வது சரியில்லை. இரும்பைச் சூடேற்றுகிறோம், அதன்மேல் எதுவும் பூசுவதில்லையே? நகை வேலை செய்கிறவர்கள் மெருகு போடுவது என்றே சொல்கிறார்கள், அவர்களும் தேய்க்கத்தான் செய்கிறார்கள். அப்புறம் ‘மினுக்கல்’. இங்கே ‘மினுக்கிக்கொண்டு திரிகிறாள்’ என்று அத்தைமார்கள் திட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். பயிலரங்கில் சொன்னால் பின்பெஞ்சு சிரிக்கும்.

‘கரை’ அருமை. ‘பட்டி’ வேண்டாம். எங்கள் ஊர் பெயிண்ட் கடையில் பட்டி என்றால் பள்ளம் அடைக்கப் பூசும் பசை. ‘பட்டி பார்த்தாச்சா?’ என்று கேட்பார்கள். ஒரே காரில் இரண்டு பட்டி ஆகாது. கரைப்பட்டை என்று வைத்தால் தொல்லை இல்லை. ‘கடை மினுக்கு’ என்பதைக் கடையில் கொடுத்து மினுக்குவது என்று படித்தேன், மன்னிக்கவும். மின்தோலுக்கு என் முழு ஓட்டு.

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி, சண்டையை இப்படித் தீர்க்கலாமே. மினுக்கல் என்பது வேலை. மெருகு என்பது அந்த வேலை முடிந்ததும் உலோகத்தில் நிற்கிற நிலை. ‘கண்ணாடி மெருகு வரும்வரை மினுக்கவும்.’ ‘பட்டு மெருகோடு நிறுத்தவும்.’ இரண்டு சொல்லுக்கும் இடம் இருக்கிறது. புது மெருகு குலையாமல் என்று பேச்சிலேயே நிலையாகத்தானே சொல்கிறோம். சிரிக்கிற பின்பெஞ்சு இரண்டு வகுப்பில் பழகிவிடும்.

இன்னொன்று. கிறில், சின்னம், ஹெட்லைற் வளையம் இதெல்லாம் கரை ஆகாது. ஆகவே கரைப்பட்டை நீளப் பட்டைகளுக்கு மட்டும். முழுத் தொகுதிக்கும் அவசரப்பட்டு ஒரு சொல் வேண்டாம்.

குரோமத்துக்குள் கறள் (துரு) பிடித்து விழும் புள்ளிக் குழிக்கு ஏதும் யோசித்தீர்களா? எங்கள் ஐயாவின் காரில் அதை அம்மைத் தழும்பு என்போம்.

மாங்குளத்திலிருந்து:

வணக்கம் அக்கா, ஐயா.

மினுக்கல் வேலை, மெருகு நிலை. இதைவிட நல்ல பிரிப்பு எனக்கு வராது. சூடேற்றலுக்கு என்னிடம் பதிலும் இல்லை. கரைப்பட்டைக்கும் சம்மதம், பட்டி என்றால் பசை என்பது தெரியாமல் போய்விட்டது. கடை மினுக்கைக் கைவிட்டு ‘நிறை மினுக்கு’ என்று எழுதுகிறேன்.

அம்மைத் தழும்பு பேச்சுக்கு அழகு, ஆனால் சொற்பட்டியலில் வினையாக்க முடியாது. கறள் + குழி, ‘கறட்குழி’ என்று புணர்த்திப் பார்த்தேன். பெரியவர் அதைக் கேட்டுவிட்டு “கரட்டுக் கிழங்கே?” என்றார். சரி, ‘கறள்குழி’ என்று பிரித்தே எழுதுவோம், இலக்கணக்காரர் மன்னிக்கட்டும். ஒரு எச்சரிக்கை: கறள் இரும்புக்கு மட்டும். நாக வார்ப்பில் அடியிலிருந்து கிளம்புவது கறள் அல்ல, அங்கே வெறும் ‘குழி’ போதும். இரும்புப் பம்பரில் மேலோட்டமான கறள்குழி என்றால், சமையல் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மெது, கீறாது, கறள் வந்துவிடும். குழி மட்டும் நிற்கும்.

கார்க்காரருக்குத் தைப்பொங்கலுக்கு முதல் முறிகண்டிப் பிள்ளையாரடியில் போய்த் தேங்காய் உடைக்க வேண்டுமாம். ஆகவே அந்தச் சிறகை இன்று வேறொரு கடைக்கு அனுப்பினேன். இந்த முறை துண்டில் எழுதியது இது:

‘நாக வார்ப்பு. பழைய முலாமை முழுக்க உரிக்கவும். குழிகளைச் செம்பு முலாமால் நிரப்பி, செம்பை மட்டும் கண்ணாடி மெருகு வரும்வரை மினுக்கவும். அதன்மேல் நிக்கல், குரோமியம். குரோமியம் போட்ட பிறகு மினுக்குச் சில்லில் பிடிக்க வேண்டாம்.’